வரப்போடு எவ்வளவு, வரப்பில்லாமல் எவ்வளவு? ஒரே பெருந்தமனிக்கு நான்கு அளவுகள்

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த சின்ன நோட்டில் நான்கு எண்கள் இருந்தன. 46, 52, 49, 56. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி. முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே எட்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. நான்குமே அவர் வயிற்றுக்குள் ஓடும் பெருந்தமனியின் அகலம், மில்லிமீட்டரில். மூன்றாவது எண் நான் எழுதிக் கொடுத்தது.

எண்களை மட்டும் நம்பினால் கதை இப்படிப் போகும்: முதல் ஆறு மாதத்தில் தமனி 6 மி.மீ. வீங்கியது. அடுத்த மாதம் 3 மி.மீ. சுருங்கியது. அதற்கடுத்த மூன்று வாரத்தில் 7 மி.மீ. வீங்கியது. எந்த ரத்தக்குழாயும் இப்படி நடந்துகொள்ளாது. தமனி மேல் தப்பில்லை என்றால் தப்பு அளந்தவர்கள் மேல்தான், என்னையும் சேர்த்து. நான்கு எண்களும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க அவரைப் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தவர்

வயது 72. வேலையில் இருந்த காலம் முழுக்க சர்வேயர். முப்பது வருடம் புகைபிடித்துவிட்டுப் பத்து வருடத்துக்கு முன் நிறுத்தியவர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சிறுநீர் கழிப்பதில் சிரமம் என்று ஒரு இடத்தில் அல்ட்ராசவுண்ட் எடுக்கப் போயிருக்கிறார். புராஸ்டேட்டைப் பார்த்த கை கொஞ்சம் மேலே நகர்ந்தபோது பெருந்தமனி வீக்கம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரே வரி: வயிற்றுப் பெருந்தமனி வீக்கம், 4.6 செ.மீ. அவ்வளவுதான். எந்தத் திசையில் அளந்தார்கள், எங்கிருந்து எங்கே வரை என்பதெல்லாம் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் பல வருடம் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

சிறுநீரகத் தமனிகள் பிரிந்த பிறகு பெருந்தமனியின் அகலம் சாதாரணமாக 2 செ.மீ. அளவில் இருக்கும். 3 செ.மீ. எட்டிவிட்டால் அதை அனியூரிசம் என்கிறோம். பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ இருக்காது. பயம் வெடிப்பதைப் பற்றித்தான். குழாயின் ஆரம் கூடக்கூட, அதே ரத்த அழுத்தத்துக்கே சுவரின் இழுவிசையும் கூடும். சுவரோ ஏற்கெனவே நைந்துபோனது. அதனால் இந்த நோயில் அகலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: அடுத்த ஸ்கேன் எப்போது, அறுவை சிகிச்சை வேண்டுமா, மனிதர் இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாரா என்பது வரைக்கும்.

ஆண்களுக்கு அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்கும் எல்லை 5.5 செ.மீ. இது யாரோ தோராயமாகச் சொல்லிவைத்த எண் அல்ல. பிரிட்டனில் 4.0 முதல் 5.5 செ.மீ. வரை வீக்கம் உள்ள 1,090 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள், மறுபாதியை ஸ்கேன் மூலம் கண்காணித்தார்கள். 1998இல் வெளிவந்த முடிவில் இரு பக்கமும் உயிர்பிழைப்பில் வித்தியாசம் இல்லை. 2002இல் வந்த அமெரிக்க ஆய்வு, முன்னாள் படைவீரர்கள் 1,136 பேரை வைத்து அதே முடிவுக்கு வந்தது. இதில் ஒரு சங்கதி அடிக்கடி மறந்துபோகும். பிரிட்டன் ஆய்வு அளந்தது அல்ட்ராசவுண்டில், அமெரிக்க ஆய்வு அளந்தது சிடியில், அதாவது எக்ஸ்ரே மூலம் உடம்பைத் துண்டு துண்டாகப் படம் எடுக்கும் ஸ்கேனில். எல்லைக்கோடு ஒன்று, அதைப் போட்ட அளவுகோல் இரண்டு.

இந்தப் பெரியவர் விஷயத்தில் எல்லையை எட்டுவதற்கு முன்பே மணி அடித்துவிட்டது. ஆறு மாதம் கழித்து வேறொரு இடத்தில் எடுத்த ஸ்கேன் 52 மி.மீ. என்றது. இந்த அளவு வீக்கம் வழக்கமாக வருடத்துக்கு 2, 3 மி.மீ. வளரும். வருடத்துக்கு 1 செ.மீ.க்கு மேல் என்றால் வேகமான வளர்ச்சி, 5.5க்குக் காத்திருக்காமல் யோசிக்க வேண்டும். ஆறு மாதத்தில் 6 மி.மீ. என்பது அந்தக் கணக்கில் வருகிறது. அறுவை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் உறுதிப்படுத்த என்னிடம் அனுப்பினார்.

என் மேசையில்

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் காலையில் வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, குடலில் காற்றும் அதிகமில்லை. ஸ்கேன் செய்பவருக்கு இது கொடுத்துவைத்த நாள். முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னால் வயிற்றுத் தசை தளரும். ப்ரோப்பை, அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கைக்கருவியை, வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் குடல் ஒதுங்கி வழிவிடும். முதுகெலும்பின் முன் விளிம்பு வெள்ளை வில்லாகத் தெரியும், அதன் மேல் பெருந்தமனி உட்கார்ந்திருக்கும்.

தொப்புளுக்குச் சற்று மேலே வீக்கம் தெரிந்தது. நேராக இறங்கவில்லை, இடப்பக்கம் சாய்ந்து, கொஞ்சம் முன்பக்கமும் தள்ளிக்கொண்டு, பிறகு திரும்பி இடுப்புத் தமனிகளாகப் பிரிந்தது. முன்சுவரை ஒட்டிப் பிறை வடிவில் பழைய ரத்த உறைகட்டி, 9 மி.மீ. தடிமனில். கலர் டாப்ளரைப் போட்டால் ரத்தம் ஓடும் பாதை மட்டும் நிறமாகும், அது 37 மி.மீ.தான். வேலை கற்றுக்கொள்ள வந்த ஒரு பையன் முன்பொரு தடவை இந்த நிறத்தின் விளிம்பிலேயே காலிப்பரை (திரையில் அளப்பதற்கு வைக்கும் குறியை) வைத்துவிட்டு, "வீக்கம் பெரிசா இல்ல சார்" என்றான். உறைகட்டி ஓடும் ரத்தத்தைவிடச் சற்றே சாம்பலாகத்தான் தெரியும். கெயினை, அதாவது எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை, குறைத்து வைத்திருந்தால் அதுவும் கறுப்பாகிவிடும்; அதிகமாக வைத்திருந்தால் சுவரின் கோடே உப்பி ஒரு மில்லிமீட்டரைத் தின்றுவிடும்.

சாய்ந்த குழாயைக் குறுக்காக வெட்டும்போது ப்ரோப்பும் அதே அளவு சாய வேண்டும். திரையில் முட்டை வடிவம் தெரிந்தது. மணிக்கட்டை மெல்லத் திருப்பி, பிறகு கால்பக்கமாகச் சாய்த்தேன். முட்டை சுருங்கிச் சுருங்கி வட்டமானது. அங்கே நிறுத்தி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, ஃப்ரீஸ் செய்து, கடைசி சில நொடிகளைப் பின்னோக்கி ஓட்டினேன். இதயம் சுருங்கும்போது தமனி விரியும், தளரும்போது ஒடுங்கும். அவர் தமனி 48.4க்கும் 49.6க்கும் இடையே மூச்சுவிடுவது போல அசைந்தது. விரிந்த நிலையில், முன்சுவரின் வெளிவிளிம்பிலிருந்து பின்சுவரின் வெளிவிளிம்பு வரை மூன்று முறை அளந்தேன். 49, 50, 48. ரிப்போர்ட்டில் 49 என்று எழுதினேன்.

திரை காட்டியது 4.93 செ.மீ. அந்தக் கடைசி 3 எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். 15 செ.மீ. ஆழத்தைக் காட்டும் படம் உயரத்தில் அறுநூறு புள்ளிகளில் விரிந்தால், ஒரு புள்ளி கால் மில்லிமீட்டர். காலிப்பரை ஒரு புள்ளி தள்ளினாலே அந்த 3 மாறிவிடும். அதைக் கருவி காட்டுகிறது, நாம் அளக்கவில்லை. அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதுவது, கல்யாணத்துக்கு வந்த கூட்டம் 412.6 பேர் என்று சொல்வது மாதிரி.

ஜெல்லைத் துடைத்துக்கொண்டே பெரியவர் கேட்டார். "டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? நீங்க வரப்பைச் சேத்து அளந்தீங்களா, விட்டுட்டு அளந்தீங்களா?"

மகள், "அப்பா, டாக்டரை வேலை பாக்க விடுங்க" என்றார்.

எனக்குப் புரியச் சில நொடி ஆயிற்று. நிலம் அளந்தவர். சுவரைத்தான் வரப்பு என்கிறார். "சேத்துத்தான் ஐயா" என்றேன்.

"அப்ப மத்த ரெண்டு பேரும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரிப்போர்ட்டில்தான் அதெல்லாம் இல்லையே. பழைய படங்கள் இருந்தால் கொண்டுவரச் சொன்னேன். அவர் கொண்டுவருவதற்குள் நான்காவது எண் வந்து சேர்ந்தது. அறுவை மருத்துவர் எழுதிய சிடி ஸ்கேன், வேறு இடத்தில் எடுத்தது: அதிகபட்ச விட்டம் 56 மி.மீ. எல்லையைத் தாண்டிவிட்டது. மகள் போன் செய்து, "நீங்க 49ன்னு சொன்னீங்களே டாக்டர்" என்றார். கோபமில்லை, குழப்பம். அதற்குக் கோபமே தேவலை.

பழைய படங்கள்

முதல் ஸ்கேன் படம் தெர்மல் தாளில் அச்சிட்டது, ஓரம் லேசாக மஞ்சளித்திருந்தது. இதை எடுப்பதற்கு முன் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது: நீளவாட்டில் அளந்திருப்பார்கள், நடுக்கோட்டை விட்டு விலகியிருக்கும் என்று. உருளையை நீளவாட்டில் வெட்டும்போது கத்தி நடுவில் போகாவிட்டால் கிடைக்கும் அகலம் விட்டம் இல்லை, அதைவிடச் சின்ன நாண். 49 மி.மீ. குழாயில் 8 மி.மீ. விலகினால் 46தான் தெரியும். எண் அச்சாகப் பொருந்தியது. பொருந்தியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும்கூட.

படம் குறுக்குவெட்டு. என் சந்தேகம் அங்கேயே செத்தது.

பக்கத்தில் செ.மீ. அளவுக்கோடுகள் அச்சாகியிருந்ததால் கவராயம் எடுத்து அளக்க முடிந்தது. காலிப்பர் குறிகள் இரண்டும் தெளிவாக இருந்தன. இரண்டும் சுவர்க் கோட்டுக்கு உள்ளே. உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை 46. கவராயத்தை விரித்து வெளிவிளிம்புகளில் வைத்தால் 49. பெரியவர் கேட்ட வரப்பு அங்கேதான் இருந்தது.

இதை யாருடைய கவனக்குறைவு என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் தேசிய ஸ்கிரீனிங் திட்டம் இன்றும் உள்ளிருந்து உள் வரைதான் அளக்கிறது. அமெரிக்காவின் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் சங்கம் வெளியிலிருந்து வெளி வரை அளக்கச் சொல்கிறது. மூன்றாவது முறை ஒன்றும் உண்டு: முன்சுவரின் வெளிவிளிம்பில் தொடங்கிப் பின்சுவரின் உள்விளிம்பில் முடிப்பது. ஒலி முதலில் மோதும் விளிம்புகள் என்பதால் அவை படத்தில் கூர்மையாக விழும் என்பது அதன் நியாயம். மூன்றுக்கும் நியாயம் உண்டு. உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் இடையே பொதுவாக 3 மி.மீ. போல இருக்கும், சில கைகளில் அதைவிடக் கூடவும் போகும். ஆனால் மூவரும் ஒப்பிடுவது அதே 5.5 உடன். உள்ளளவில் 5.5 என்று சொல்லும்போது வெளியளவு 5.8ஐ ஒட்டிப் போயிருக்கும்.

இரண்டாவது படம் குறுந்தகட்டில் இருந்தது, டிஜிட்டல். காலிப்பர் வெளிவிளிம்புகளில்தான், ஆனால் இடமிருந்து வலமாக. படம் முட்டை. குழாய் சாய்ந்திருக்க, ப்ரோப்பை உடம்புக்கு நேர் குறுக்காக வைத்து எடுத்திருக்கிறார்கள். முள்ளங்கியைச் சாய்வாக நறுக்கினால் வில்லை நீளமாக விழும், அதே கணக்கு. இடப்பக்கச் சாய்வு ஏறத்தாழ 20 டிகிரி. 49ஐ 20 டிகிரியின் கொசைனால் வகுத்தால் 52. அதே படத்தில் முன்னிருந்து பின்னாக அளந்து பார்த்தேன்: 50.

அதாவது நீளவாட்டு வெட்டில் தப்பினால் அளவு குறையத்தான் செய்யும், அதிகமாகாது. குறுக்குவெட்டில் சாய்ந்தால் கூடத்தான் செய்யும், குறையாது. நான் இதைத் தெரிந்துகொள்ள வேலையில் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. யாரும் மறைக்கவில்லை, பள்ளிக்கூட வடிவியல்தான், ஆனால் ப்ரோப்பைக் கையில் எடுத்தவுடன் வடிவியல் மறந்துபோகிறது.

இடமிருந்து வலமாக அளப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒலி மேலிருந்து இறங்குகிறது. முன்சுவரும் பின்சுவரும் அதற்குக் குறுக்கே நிற்பதால் பளிச்சென்று எதிரொலிக்கும். பக்கச் சுவர்கள் ஒலியின் போக்கிலேயே நிற்பதால் எதிரொலி மங்கல். பல படங்களில் பக்கச் சுவர் காணவே காணாது, நாம்தான் ஊகித்துப் புள்ளி வைக்கிறோம். 3.5 மெகாஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 0.44 மி.மீ. ஆழவாட்டில் அரை மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளியில் உள்ள இரண்டு கோடுகளைக் கருவி பிரித்துக் காட்டிவிடும். அகலவாட்டில் அது ஒலிக்கற்றையின் பருமனைப் பொறுத்தது, 10 செ.மீ. ஆழத்தில் அது சில மில்லிமீட்டர். ஃபோகஸை வீக்கத்தின் ஆழத்துக்குக் கொண்டுவராமல் விட்டால் இன்னும் மோசம். ஒரே படத்தில் ஒரு திசைக்கு நல்ல கண், இன்னொரு திசைக்கு வெள்ளெழுத்து.

சிடியின் 56

இதைத்தான் பயந்து பயந்து திறந்தேன். சிடி என்றால் கடைசி வார்த்தை என்ற எண்ணம் எல்லோரிடமும் உண்டு, என்னிடமும் இருந்தது. உடம்புக்கு நேர் குறுக்கான துண்டில், எந்தத் திசையில் அகலம் அதிகமோ அந்தத் திசையில் அளந்திருந்தார்கள்: 56, சந்தேகமே இல்லை. ஆனால் இங்கேயும் முட்டைதான். அந்த இடத்தில் தமனி இடப்பக்கம் 20 டிகிரியோடு முன்பக்கம் 14 டிகிரியும் சாய்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்தால் 24 டிகிரி. சிடியில் துண்டை எந்தக் கோணத்துக்கும் திருப்பலாம். குழாயின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகத் திருப்பியதும் முட்டை வட்டமாயிற்று. 51.

ஆக, 46 என்பது 49. 52 என்பது 50. 56 என்பது 51. என் 49, 49ஆகவே இருந்தது. இதைச் சொல்லும்போது கொஞ்சம் சுயதிருப்தி வரத்தான் செய்கிறது, ஆனால் என் மூன்று அளவும் 48க்கும் 50க்கும் இடையே அலைந்ததை மறக்கவில்லை.

மிச்சமிருக்கும் 2 மி.மீ.

அல்ட்ராசவுண்ட் 49, சிடி 51. இந்த மிச்சத்தை இழுத்துப் பார்க்க ஆசை வந்தது. கருவியே குறைத்துக் காட்டுகிறதோ என்று, தர சோதனைக்கு வைத்திருக்கும் ஃபேன்டம் பெட்டியை எடுத்தேன். உள்ளே 10 மி.மீ. இடைவெளியில் மெல்லிய இழைகள் கட்டியிருக்கும். ஐந்து இடைவெளி, 50 மி.மீ. காலிப்பர் சொன்னது 49.8. கருவி நிரபராதி.

பெட்டிக்கும் மனிதருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கருவி தூரத்தை அளப்பதில்லை, நேரத்தை அளக்கிறது. ஒலித் துடிப்பு போய்த் திரும்ப, ஒரு செ.மீ. ஆழத்துக்கு 13 மைக்ரோ விநாடி. அதைத் தூரமாக்க, ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்கிறது. ஃபேன்டமில் நிரப்பியிருக்கும் பொருளும் அந்த வேகத்துக்கென்றே செய்தது. உடம்பு அப்படிச் செய்ததில்லை. கொழுப்பில் சுமார் 1450, ரத்தத்தில் சுமார் 1570.

கொழுப்பு அதிகமிருந்தால் தமனியின் அளவு தப்பிவிடுமே என்று பலர் கேட்பார்கள். வேகத்தைப் பொறுத்தவரை, தப்பாது. தமனிக்கு மேலே இருக்கும் கொழுப்பு முன்சுவரையும் பின்சுவரையும் ஒரே அளவு கீழே தள்ளிக் காட்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் அப்படியே இருக்கும். (கொழுப்பு ஒலிக்கற்றையைக் கலைத்துப் படத்தை மங்கலாக்கும், அது தனித் தொல்லை.) அளவைத் தொடுவது இரண்டு காலிப்பருக்கும் நடுவே இருப்பது மட்டும்தான், அதாவது ரத்தம். ரத்தத்தில் ஒலி கொஞ்சம் வேகமாகப் போகிறது, அதனால் எதிரொலி சீக்கிரம் வந்துவிடுகிறது, கருவி தூரம் குறைவு என்று நினைக்கிறது. 1540ஐ 1570ஆல் வகுத்தால் 0.98. 50 மி.மீ. தமனி 49 ஆகத் தெரியும். மிச்சமிருந்த 2இல் ஏறக்குறைய 1 இங்கே போயிற்று. இன்னொரு மில்லிமீட்டரை என் கையின் கணக்கில் வைத்துவிட்டேன்.

அந்தக் கை எவ்வளவு ஆடும் என்றும் பார்த்தோம். பெரியவரின் சம்மதத்தோடு ஒரு காலையில் என் சக மருத்துவர் ஒருவர் எண்ணை மறைத்துக்கொண்டு அளந்தார். திரையின் காலிப்பர் எண் தெரியும் மூலையில் காகிதம் ஒட்டிவிட்டோம். இது சின்ன வேலை, ஆனால் செய்து பார்த்தால்தான் தெரியும், முந்தைய ரிப்போர்ட்டின் எண் எவ்வளவு பலமாக நம் விரலை இழுக்கிறது என்று. அவருக்கு 51, 50, 51. மறுபடி எனக்கு 49, 49, 50. நாங்கள் இருவரும் ஒரே அறையில், ஒரே கருவியில், ஒரே விதிப்படி அளந்தும் சராசரியில் ஒன்று, ஒன்றரை மி.மீ. வித்தியாசம். இரண்டு பேர் அளப்பதில் 5 மி.மீ. வரை போவதைக்கூட இந்தத் துறையில் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

50 மி.மீ. குழாயில் 2 மி.மீ. என்பது நூற்றுக்கு நான்கு. டயாலிசிஸுக்குக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் சேர்க்கும் இணைப்பு) போடச் சிரை தேடும்போது நிலைமை வேறு. அங்கே 2 மி.மீ. சிரை போதுமா, போதாதா என்பதே கேள்வி. ப்ரோப்பைக் கொஞ்சம் அழுத்தினாலே சிரை தட்டையாகிவிடும், அறை குளிர்ந்தால் சுருங்கிவிடும், கையில் பட்டை கட்டினால் விரியும். ரத்த ஓட்டத்தைக் கணக்கிடும்போது விட்டம் இருமடியாக உள்ளே போகிறது. விட்டத்தில் நூற்றுக்குப் பத்து தப்பினால் ஓட்டத்தில் இருபத்தொன்று தப்பும். பெருந்தமனிக்காரர்கள் அந்த வகையில் அதிர்ஷ்டக்காரர்கள்.

முடிவெடுத்த நாள்

அறுவை மருத்துவரிடம் நான்கு படத்தையும் வரிசையாக வைத்துக் காட்டினேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சிடியை அவரே ஒருமுறை திருப்பி, நடுக்கோடு போட்டு, அளந்து பார்த்தார். அவருக்கு 52 வந்தது. "சரி, 55 இல்ல" என்றார். ஒரே விதியில் திரும்ப அளந்தால் முதல் எட்டு மாதத்தில் வளர்ச்சி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வேகமான வளர்ச்சி என்ற காரணமும் போயிற்று. அறுவை சிகிச்சைக்குப் போட்டிருந்த தேதியை எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தின் திட்டத்தில் 4.5 முதல் 5.4 செ.மீ. வரை மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம். ஒரே அறை, ஒரே ஆள், முன்னிருந்து பின், வெளியிலிருந்து வெளி, தமனி விரிந்த நொடியில். இதை ரிப்போர்ட்டில் இரண்டு வரியாக எழுத ஆரம்பித்தேன்.

மகளுக்கு இதைப் புரியவைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. "நாலு தடவைக்கு நாலு விதமா சொன்னா நாங்க யாரை நம்புறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. யாரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் வேறு வேறு தூரத்தை அளந்திருக்கிறோம் என்றேன். அது அவருக்குச் சமாதானமாகப் படவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பெரியவர்தான் குறுக்கே வந்தார். "ஒரே நிலத்துக்கு ரெண்டு பத்திரத்துல ரெண்டு அளவு இருக்கும்மா. நிலம் கூடல, குறையல" என்றார். அதற்குமேல் நான் எதுவும் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் வந்த அளவுகள்: 50, 49, 51, 52. இரண்டாவது தடவை 49 வந்தபோது, "கொறைஞ்சிருக்கே டாக்டர்" என்றார் மகள், முகத்தில் சந்தோஷம். குறையவில்லை என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை, ஆனாலும் சொன்னேன். ஒரு மில்லிமீட்டர் என் கை. அடுத்தடுத்து 51, 52 வந்தபோது அது என் கை மட்டும் இல்லை என்பதும் தெரிந்தது. வருடத்துக்கு 2, 3 மி.மீ. என்ற வழக்கமான நடைதான். 55 இன்னும் வரவில்லை, ஆனால் வருகிற வழியில்தான் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும்.

போன முறை வந்தபோது நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துப் பழைய பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தார். 46க்கு எதிரே 'வரப்பு இல்லாமல்'. 52க்கும் 56க்கும் எதிரே 'சாய்வு'. அதற்குக் கீழே வரிசையாக என் அளவுகள், ஒவ்வொன்றுக்கும் 'வரப்போடு, நேர்', கடைசியாக அன்றைய தேதியும் 52உம். அதற்குப் பக்கத்தில் பென்சிலால், சின்ன எழுத்தில், 'ஒன்று கூட அல்லது குறைய' என்று இருந்தது.